வலப்பக்கம் திரும்பாத கழுத்து

மலேசியாவின் பொந்தியானில் ஷாமளாவிடம் கார் ஓட்டப் பழகியவர்களைக் கேட்டால், அவளுடைய வலது கன்னம்தான் நன்றாக ஞாபகம் இருக்கிறது என்பார்கள். பக்கத்து இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, சாலையைப் பார்த்தபடியே பேசுவாள். "கிளச்ச மெதுவா விடுங்க" என்பாள், முன்கண்ணாடியைப் பார்த்து. "பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்பாள், எதிரே வருகிற லாரியைப் பார்த்து. சிலர் அவளுக்கு எப்போதும் கோபம் என்று நினைத்தார்கள். சிலர் தலைக்கனம் என்றார்கள். அவளிடம் பழகிய மலாய்க்கார நர்ஸ் ஒருத்தி மட்டும், சிக்கு ஷாமளா காதாலேயே காரைப் பார்க்கிறார் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்தாள்.

விஷயம் வேறொன்றுமில்லை. ஷாமளாவின் கழுத்து வலப்பக்கம் திரும்பாது.

சிக்கு என்றால் மலாயில் ஆசிரியர். கார் ஓட்டச் சொல்லித் தருபவர்களும் அங்கே சிக்குதான். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று யார் வந்தாலும் ஷாமளாவை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கில் தேறாத தன்னை ஊரே ஆசிரியர் என்கிறதே என்று சிரித்துக்கொள்வாள். நாற்பத்தைந்து வயது. கணவன் காளிதாஸ் சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்ப்பவன். விடியுமுன்னே கம்பெனி பஸ் வந்து அவனை அள்ளிக்கொண்டு போய்விடும். ஒரே மகள் லோஷினி, பள்ளியில் நான்காம் படிவம் படிக்கிறாள்.

வலி எப்போது வந்தது என்று கேட்டால் ஷாமளாவால் சொல்ல முடியாது. விபத்து எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்றுகூட நினைத்திருக்கிறாள். கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு கதையாவது இருந்திருக்கும். அவளுக்கு நடந்ததெல்லாம் கிளச்தான். புதிதாகப் பழகுகிறவர்கள் கிளச்சை விடும்போது கார் ஒரு குதி குதிக்கும். பிரேக்கை மிதிக்கும்போது இன்னொரு குதி. ஒரு நாளைக்கு இப்படி எத்தனையோ குதிகள், எத்தனையோ வருஷம். போதாததற்கு அந்தப் பக்கத்து மண் மெத்தென்ற மண். மேலே எத்தனை முறை தார் போட்டாலும் சாலை அலையலையாகிவிடும். பெக்கான் நானாஸ் போகிற வழியில் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று அவள் இடுப்புக்குத் தெரியும்.

ஒருநாள் வாளியைத் தூக்கும்போது முதுகில் ஏதோ சுண்டியது. இரண்டு நாளில் போய்விடும் என்று நினைத்தாள். முதுகு விட்டபோது கழுத்து பிடித்தது. பிறகு இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு, ஒன்று போனால் மற்றது வரும் என்று முறை வைத்துக்கொண்டன. சில நாள் சேர்ந்தே வந்தன.

வலி வந்ததும் வைத்தியர்களுக்குப் பஞ்சமே இல்லை. எதிர்வீட்டுப் பாட்டனார் ஓர் எண்ணெய் சொன்னார். கோயிலில் பார்த்த அம்மாள் வேறோர் எண்ணெய் சொல்லி, முதல் எண்ணெயை உடனே நிறுத்தச் சொன்னாள். காளிதாஸின் அக்கா காந்தம் வைத்த இடுப்புப் பட்டை ஒன்றை வாங்கி அனுப்பினாள். அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் மூச்சு விட முடியவில்லை. கம்பம் என்று சொல்லும் கிராமத்தில் உடம்பு பிடித்துவிடும் ஒரு மலாய் அம்மா அழுத்திய அழுத்தில் ஒரு வாரம் சுகமாக இருந்தது, அடுத்த வாரம் பழைய கணக்குதான். தலையணை மட்டும் வீட்டில் ஆறேழு சேர்ந்துவிட்டது. லோஷினி அவற்றை வைத்து அரண் கட்டிப் படுத்துக்கொண்டு போன் பார்ப்பாள்.

படம் எடுத்துப் பார்த்த டாக்டர், பெரிதாக ஒன்றும் இல்லை, கொஞ்சம் தேய்மானம், இந்த வயதில் எல்லாருக்கும் இருப்பதுதான் என்றார். நல்ல செய்திதான். ஷாமளா அதைக் கேட்டுக்கொண்டு வெளியே வந்து, கார் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஒன்றும் இல்லாததற்கா இவ்வளவு வலி என்று அவளுக்கு அவமானமாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் வலியைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினாள். காளிதாஸ் நல்லவன். முதலில் தினமும் கேட்டான். தைலம் தேய்த்துவிட்டான். மாதங்கள் போகப் போக, "இன்னுமா வலிக்குது?" என்று கேட்க ஆரம்பித்தான். அக்கறையோடுதான் கேட்டான். ஆனால் அந்த 'இன்னுமா' அவளுக்குள் போய்க் குத்திக்கொண்டு நின்றது. "இல்ல, இப்ப பரவால்ல" என்று சொல்லிப் பார்த்தாள். அவன் முகம் தெளிந்தது. சரி, இதுவே சுலபம் என்று அதையே பழக்கமாக்கிக்கொண்டாள்.

பரவாயில்லை என்று சொன்ன பிறகு முனகக்கூட முடியாது. விருந்துக்கு வா என்றால் வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுவாள், பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார முடியாது என்பதற்காக. ஷாமளாவுக்குக் கொஞ்சம் பெருமை கூடிவிட்டது என்று சொந்தத்தில் பேச்சு வந்தது. வீட்டில் சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் சீறினாள். ஈரத்துண்டைக் கட்டில்மேல் போட்டதற்காக லோஷினியிடம் அவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. கத்திவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நிற்பாள். சந்தையில் யாராவது சில்லறை கீழே விழுந்தால் சட்டென்று குனிந்து எடுப்பதைப் பார்க்கும்போது அவளுக்குப் பொறாமையாக இருக்கும். தங்கச் சங்கிலிக்குக்கூட அவள் அப்படிப் பொறாமைப்பட்டதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் பியாட்ரிஸ் வந்து சேர்ந்தாள்.

பியாட்ரிஸுக்கு வயது ஐம்பத்தாறு. பெக்கான் நானாஸில் வீடு. பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் பல வருஷம் மீ கோரேங் நூடுல்ஸ் பிரட்டியவள். வாழ்நாள் முழுக்கக் கணவன் ரேமண்டின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தே போய் வந்தவள். ரேமண்டுக்குக் கண்பார்வை மங்கி, டாக்டர் இனிமேல் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகவும், ரேமண்டைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவும் ஆள் வேண்டும். பிள்ளைகள் இருவரும் கோலாலம்பூரில். "நானே ஓட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக அன்றிரவே பயந்துபோனவள் அவள்.

ஓட்டுவதில் அவளுக்கு ஒரே ஒரு குறை. எதைப் பார்த்தாலும் பிரேக் போடுவாள். குப்பைத் தொட்டிக்கு, வாழை இலை நிழலுக்கு, தூரத்தில் தெரியும் மேகத்துக்குக்கூட.

"அக்கா, ரோட்ல ஒண்ணுமே இல்லயே, ஏன் நிறுத்துனீங்க?"

"வந்துரும்போல இருந்துச்சு டீச்சர்."

ஷாமளா பல்லைக் கடித்துக்கொள்வாள். ஒவ்வொரு பிரேக்குக்கும் கழுத்தில் யாரோ கம்பியை முறுக்குவது போலிருக்கும்.

மழை விட்டிருந்த ஒரு காலையில், அன்னாசித் தோட்டங்களுக்கு நடுவே போகும் சின்னச் சாலையில் பழகிக்கொண்டிருந்தார்கள். அன்று பியாட்ரிஸ் நன்றாகவே ஓட்டினாள். மூன்றாவது கியர்வரை போய்விட்டாள். அப்போது தோட்டத்திலிருந்து ஓர் உடும்பு சாலையில் ஏறி, நடுவில் வந்து நின்று, காரைத் திரும்பிப் பார்த்தது. பியாட்ரிஸ் இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தாள்.

கார் நின்றது. ஷாமளாவின் முதுகிலிருந்து பின்மண்டைவரை ஏதோ ஒன்று பற்றிக்கொண்டு ஏறியது.

"ஒரு உடும்புக்காக என் கழுத்த ஒடிக்கிறீங்களே" என்று அலறினாள். "உங்களுக்கெல்லாம் எதுக்கு லைசென்ஸ்? வீட்லயே இருக்க வேண்டியதுதான?"

பியாட்ரிஸ் ஸ்டியரிங்கை விடாமல் தலையைக் குனிந்துகொண்டாள். உடும்பு நிதானமாகச் சாலையைக் கடந்து போனது. மன்னிப்புக் கேட்கலாம் என்று ஷாமளா அசைந்து பார்த்தாள். அசைய முடியவில்லை. வலப்பக்கம், இடப்பக்கம், முன்னால், எங்கேயும் முடியவில்லை. அப்படியே உட்கார்ந்தபடி அழ ஆரம்பித்தாள். வேலைக்கு வந்த நாளிலிருந்து பழக வந்தவர் ஒருவர் முன்னாலும் அவள் அழுததில்லை.

"அலமாக், என்னம்மா ஆச்சு?" என்றாள் பியாட்ரிஸ். டீச்சர் அம்மாவாகிவிட்டாள்.

"பிடிச்சிக்கிச்சுக்கா. நகர முடியல. சீட்ட பின்னால சாய்ச்சி விடுங்க. மெதுவா."

இருக்கையை முழுக்கச் சாய்த்துவிட்ட பிறகுதான் ஷாமளாவுக்கு மூச்சு வந்தது. படுத்தால் வலி தாங்கக் கூடியதாக இருந்தது, எழுந்தால் இல்லை. காளிதாஸுக்குப் போன் போட்டார்கள். வேலை நேரத்தில் அவன் போன் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். ஆம்புலன்ஸைக் கூப்பிடலாமா என்று பியாட்ரிஸ் கேட்டாள். வேண்டவே வேண்டாம், ஊரே கூடிவிடும் என்றாள் ஷாமளா. பிறகு கார் கூரையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அக்கா, நீங்க ஓட்டுங்க. பொந்தியான் ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"நானா? தனியாவா?"

"தனியா எங்க? நான் இருக்கேன்ல. படுத்துக்கிட்டு இருக்கேன், அவ்ளோதான். என் காலு என் பக்கத்து பிரேக் மேலதான் இருக்கு."

பியாட்ரிஸ் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். முதல் முறை எஞ்சின் அணைந்தது. இரண்டாம் முறையும் அணைந்தது. மூன்றாம் முறை கார் நகர்ந்தது.

ஷாமளாவுக்குத் தெரிந்ததெல்லாம் வானமும், மின்கம்பிகளும், எப்போதாவது ஒரு தென்னை மரத்தின் தலையும்தான். மற்றதையெல்லாம் சத்தத்தை வைத்துத்தான் சொன்னாள்.

"எஞ்சின் அழுவுது பாருங்க, ரெண்டுக்கு மாத்துங்க. ம். இப்ப சரி. முன்னால என்ன இருக்கு?"

"லாரி. அன்னாசி ஏத்திக்கிட்டுப் போறான்."

"எவ்ளோ தூரத்துல?"

"பழத்துல இருக்கற கண்ணு கண்ணா தெரியுதும்மா."

"அப்ப ரொம்பக் கிட்ட. எண்ணெய் பெடல்லருந்து கால எடுங்க. பிரேக்க மிதிக்காதீங்க, தடவுங்க. பூனைய தடவற மாதிரி."

பியாட்ரிஸ் தடவினாள். கார் குதிக்காமல் வேகம் குறைந்தது. அவளிடமிருந்து வந்த முதல் நல்ல பிரேக் அதுதான்.

பெரிய சாலைக்கு வந்து சிவப்பு விளக்கில் நின்றபோது, பக்கத்தில் வந்து நின்ற மோட்டார் சைக்கிள்காரன் ஜன்னல் வழியே உள்ளே எட்டிப் பார்த்தான். பயிற்சிப் பள்ளியின் பலகை மாட்டிய கார், உள்ளே சிக்கு கால் நீட்டிப் படுத்திருக்கிறார். அவன் இன்னொரு தடவை பார்த்தான். ஷாமளா படுத்தபடியே அவனுக்குக் கையசைத்தாள். பியாட்ரிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஷாமளாவுக்கும் வந்தது. சிரித்தால் முதுகு பிடுங்கியது. "சிரிக்க வைக்காதீங்கக்கா, செத்துருவேன்" என்று சொல்லிக்கொண்டே இன்னும் சிரித்தாள்.

பச்சை விழுந்தது. கொஞ்ச தூரம் போனதும் ஷாமளா சொன்னாள்: "நான் அப்படி கத்தியிருக்கக் கூடாதுக்கா. மன்னிச்சிருங்க."

"அது கெடக்கு. எவ்ளோ நாளா இப்படி இருக்கு?"

"மூணு வருஷத்துக்கு மேல இருக்கும்."

"வீட்ல தெரியுமா?"

"நல்லாயிருச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

பியாட்ரிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க அவளுக்கு வழியும் இல்லை, கண் சாலையில்தான் இருக்க வேண்டும். தன் முகத்தை யாரும் பார்க்காததாலோ என்னவோ, ஷாமளாவுக்குப் பேச வந்தது. தூக்கம் போனதைச் சொன்னாள். மகளிடம் கத்துவதைச் சொன்னாள். காலையில் கண் விழித்ததும், எழுவதற்கு முன்னால், இன்றைக்கு எங்கே வலிக்கப் போகிறது என்று உடம்பைத் தேடிப் பார்ப்பதைச் சொன்னாள். "சில நாளு என்மேலயே வெறுப்பா இருக்குக்கா. யார்கிட்டயாவது சொன்னா ஆளுக்கொரு எண்ணெய் பேரு சொல்றாங்க."

"நான் எண்ணெய் ஒண்ணும் சொல்லப் போறதில்ல" என்றாள் பியாட்ரிஸ். "எனக்கு ரவுண்டபவுட்டு வருது."

அதைச் சுற்றி முடித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்ட பிறகு அவள் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான். கண்ணு தெரியலன்னு சொல்லவே மாட்டேன்னுட்டாரு. வாசல் தூண்ல ரெண்டு தடவ முட்டுன பிறகுதான் எனக்கே தெரிஞ்சுச்சு. எனக்கு அவரு கண்ணு போனதவிட, சொல்லாம இருந்தாரு பாருங்க, அதுதான் ரொம்ப வருத்தம்."

ஷாமளா கூரையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் பியாட்ரிஸ் காரை இரண்டு கட்டத்துக்குக் குறுக்கே நிறுத்தினாள். காவலர் அதட்ட வந்தார். உள்ளே படுத்திருந்தவளைப் பார்த்ததும் தள்ளுவண்டி எடுக்க ஓடினார்.

ஊசி போட்டு, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். சேர்த்த அன்றே சாயங்காலம் கம்பெனிச் சட்டையோடு நேராக வந்து நின்ற காளிதாஸிடம் பியாட்ரிஸ் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் அவன் வாயைத் திறந்தான்.

"கேக்கறப்பல்லாம் பரவால்லன்னுதான சொன்ன. என்கிட்ட ஏன் மறைச்ச?"

"நீங்க எப்படி கேட்டீங்க?"

"எப்படி கேட்டேன்?"

"'இன்னுமா வலிக்குது'ன்னு கேட்டீங்க. அதுக்கு நான் என்ன சொல்றது? ஆமா, இன்னும்தான்னு எத்தன நாளைக்குச் சொல்றது?"

காளிதாஸ் தன் கைகளைப் பார்த்தான். "எனக்கு வேற எப்படி கேக்கறதுன்னு தெரியல" என்றான். "மெசின்னா கழட்டிப் பாத்து சரி பண்ணிருவேன். இத என்ன பண்றதுன்னு தெரியல, ஷாமளா."

கதவோரம் நின்றிருந்த லோஷினி, தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள். "உங்க வலி இன்னும் இருக்குன்னு எனக்குத் தெரியாதும்மா. என்மேலதான் கோவம்னு நெனச்சேன்."

"என்ன கோவம்?"

"என்னைப் புடிக்கலன்னு."

ஷாமளாவுக்கு ஊசி போட்ட இடம் உட்பட எல்லா இடமும் வலித்தது. மகளைப் பக்கத்தில் படுக்கச் சொன்னாள். ஆறேழு தலையணைகளையும் தள்ளிவிட்டு அவள் வந்து படுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் உடற்பயிற்சி சிகிச்சைக்குப் போனாள். அங்கிருந்த நூருல் என்ற மலாய்ப் பெண் வெளிப்படையாகப் பேசுகிறவள். இந்த வலி முழுக்கப் போய்விடும் என்று நான் சொல்ல மாட்டேன், குறையும், சில நாள் திரும்பியும் வரும், வந்தால் உங்கள் தப்பு இல்லை என்றாள். பெரிதாக ஒன்றும் இல்லை என்று கேட்டபோது அழுதவளுக்கு, போகாது என்று கேட்டபோது நிம்மதியாக இருந்தது. தூக்கம் எப்படி, மனது எப்படி என்றும் நூருல் கேட்டாள். மனதைப் பற்றி ஷாமளா சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, ஜொகூர் பாருவில் ஓர் ஆலோசகரைப் போய்ப் பார்க்கச் சொன்னாள். காளிதாஸ் சனிக்கிழமைகளில் கூட்டிப் போனான். உள்ளே என்ன பேசினாள் என்று அவன் கேட்கவில்லை, வெளியே வந்ததும் செண்டோல் என்ற தேங்காய்ப்பால் இனிப்பு வாங்கிக் கொடுத்தான்.

வேலைதான் பயமாக இருந்தது. முதலாளி, தவுக்கே கோ, வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாரோ என்று இரண்டு வாரம் ஒத்திப் போட்டாள். கடைசியில் சொன்னபோது, அவர் தன் நாற்காலியில் கிடந்த மெத்தையைத் தூக்கிக் காட்டினார். அவருக்கும் இடுப்பாம். பாதி நாள் வகுப்பறையில் சாலை விதிகளைச் சொல்லிக் கொடுக்கவும், பாதி நாள் பயிற்சித் திடலில் நின்றுகொண்டு பார்த்துக்கொள்ளவும் ஏற்பாடானது. சாலைக்குப் போவது வாரத்தில் ஓரிரு முறைதான். சம்பளம் கொஞ்சம் குறைந்தது. கார் குதிப்பதும் குறைந்தது.

பியாட்ரிஸ் முதல் தடவை தேர்வில் தோற்றாள், மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது கார் பின்னால் உருண்டுவிட்டது. இரண்டாம் தடவை தேறினாள். தேறிய அன்று ரேமண்டைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஆயர் ஈத்தாம்வரை போய், ஒரு பூந்தொட்டி வாங்கிக்கொண்டு திரும்பியதாகப் போனில் சொன்னாள். வழியெல்லாம் ரேமண்ட் பிரேக் போடு, பிரேக் போடு என்று கத்திக்கொண்டே வந்தாராம்.

காளிதாஸ் புதிதாக ஒரு கேள்வி கண்டுபிடித்திருந்தான். வேலை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றும்போதே கேட்பான்: "இன்னிக்கு எது, மேல்மாடியா, கீழ்மாடியா?"

கழுத்தென்றால் மேல்மாடி, இடுப்பென்றால் கீழ்மாடி. "ரெண்டு மாடியும்" என்று அவள் சொல்கிற நாளில் சாப்பாட்டை வெளியே வாங்கிவருவான். "மாடி காலி" என்று சொல்கிற நாளும் வரும். முன்பு அப்படி ஒரு நாள் வந்தால் தேங்கிக் கிடந்த வேலையையெல்லாம் இழுத்துப் போட்டுச் செய்து மறுநாளைக் கெடுத்துக்கொள்வாள். இப்போது லோஷினி விடுவதில்லை. நூருல் சொன்ன பயிற்சியைச் செய்தாயா என்று ஒரு தலைமையாசிரியையைப் போல வந்து நிற்பாள். ஷாமளா பொய் சொன்னால் பாயை எடுத்து விரித்துவிடுவாள்.

அந்த வருஷம் தீபாவளிக்கு முதல் நாள் மறுபடியும் பிடித்துக்கொண்டது. முறுக்கு பிழிந்த கையோடு அப்படியே நின்றுவிட்டாள். காலையில் எழ முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. புதுச்சேலை கட்டிலில் மடித்தபடி கிடந்தது. வருகிறவர்களை எல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்றாள்.

"ஏன்?" என்றான் காளிதாஸ். "உனக்குப் படுக்கணும். அவங்களுக்குச் சாப்பிடணும். ரெண்டும் ஒரே வீட்ல நடக்கட்டும்."

கூடத்தின் நடுவே பாயை விரித்தார்கள். சேலையை அவள்மேல் போர்த்திவிட்டாள் லோஷினி, கட்டியது போலத்தான் இருந்தது. முதலில் வந்தது காளிதாஸின் அக்கா. என்னடி இது என்று வாயில் கைவைத்தவள், நாற்காலியில் உட்கார்ந்து கீழே பார்த்துப் பேச ஒரு மாதிரியாக இருந்ததால், தானும் இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். ஷாமளா அவளிடம் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். "விருந்துக்கெல்லாம் வராம இருந்தது இதுக்குத்தானா?" என்றாள் அக்கா. புது எண்ணெய் ஒன்றின் பெயரைச் சொல்ல வாயெடுத்து, ஷாமளாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, அதிரசத்தை எடுத்துக் கடித்துக்கொண்டாள்.

அப்புறம் தவுக்கே கோ ஒரு பெட்டி ஆரஞ்சோடு வந்தார். நூருல் பிள்ளைகளோடு வந்தாள். வந்தவள் முதல் காரியமாக ஷாமளாவின் முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணையைச் செருகினாள். பியாட்ரிஸ் ரேமண்டைக் கைபிடித்துக் கூட்டி வந்து சுவரோரம் உட்கார வைத்தாள். எல்லாரும் தரையில்தான். தட்டுகள் ஷாமளாவின் தலைக்கு மேலாகக் கைமாறின. ரேமண்ட் ஏதோ பழைய கதை ஒன்றைத் தப்புத் தப்பாகச் சொல்ல, பியாட்ரிஸ் வரிக்கு வரி திருத்தினாள். ஷாமளா சிரித்தாள், வலித்தது, அப்படியே சிரித்தாள்.

மத்தியானம் வாசலில் மறுபடியும் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. யாரென்று பார்க்க லோஷினி எழுந்தாள்.

"யாரா இருந்தா என்ன லா" என்றாள் ஷாமளா, கூரையைப் பார்த்தபடி. "செருப்ப வெளிய விட்டுட்டு உள்ள வரச் சொல்லு. பாய்ல இன்னும் எடம் இருக்கு."